உள்ளே நின்ற மாப்பிள்ளை

நேற்று எங்கள் வீட்டு முன்வாசலுக்குப் புதுக் கதவு மாட்டினார்கள். இன்று காலை நானே பெயிண்ட் அடிக்கத் தொடங்கினேன். கதவை மலரத் திறந்துபோட்டு முற்றத்தில் நின்றுதான் அடித்தேன். "வெயில்ல நிண்ணு வேகணுமா? உள்ள வந்து அடிச்சா என்ன?" என்றாள் மனைவி. அவளுக்கு இந்தக் கதை தெரியாது. உங்களிடம் சொல்வதற்கென்ன.

டர்பென்டைன் வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இருபத்தாறு வயதாகிவிடும். ஆரியங்கோட்டில் அப்பா வீடு கட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய பிலாமரத்தில் முன்கதவுக்கு மட்டுமே பலகை தேறியது. அடுக்களை வாசலைக் கல் அடுக்கி அடைத்திருந்தோம். நான் ரப்பர் வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். பெண் பார்த்துவிட்டு வந்த அந்த வாரம் முழுக்க, மரத்தில் கத்தி வைத்தால் கோடு கோணலாகப் போகும். பெண் வீட்டில் தலை குனிந்தே இருந்தேன். ஆனாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்திருந்தேன்.

அடுத்து பெண் வீட்டார் எங்கள் வீடு காண வர வேண்டும். அன்று காலைதான் நான் கதவுக்குத் தடிமனாகப் பெயிண்ட் பூசினேன். சாரல் விழுந்தது. நனையாமலிருக்க உள்ளே நின்று சாத்தினேன். ஈரத்தில் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டது.

அப்பா அவர்களைக் கூட்டி வந்தார். "எலே, தொறலே."

இழுத்தேன். அசையவில்லை. "பெயிண்டு ஒட்டிப்போச்சு" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பெண்ணின் மாமன் சிரித்தார். "பெயிண்டா? பய உள்ள தாப்பா போட்டிருக்கானாக்கும். நிர்பந்திச்சுக் கெட்டி வைக்கியளோ?"

"அய்யோ, அவனுக்கு நாணமாக்கும்" என்றார் அப்பா.

பெண்ணின் தகப்பனார் கம்பி ஜன்னலுக்கு வந்தார். பெயிண்ட் லுங்கியோடு சுவரோரம் ஒதுங்கினேன். "மக்கா, எங்க பிள்ளைய ஒனக்குப் பிடிச்சிருக்கா? ஒரு வாக்கு சொல்லு, போதும். எத்தற நேரம் வேணும்னாலும் நிக்கோம்."

வெளியே அத்தனை பேரும் காது கொடுத்து நின்றார்கள். இழுத்தால் கதவாவது முனகியது. என் நாக்கு அதுவும் செய்யவில்லை.

"மிண்டமாட்டான், வாயத் தொறக்கமாட்டான். வாரும், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் மாமன்.

அவர்கள் போன பிறகு ரப்பர் கத்தியால் நெம்பி அப்பா கதவைத் திறந்தார். "பிடிக்கலியால ஒனக்கு?"

"பிடிச்சிருக்கு" என்றேன்.

அப்பா நடையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் போய்ச் சொல்லிப் பார்த்தார், அவர்கள் நம்பவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. அன்று முற்றத்தில் நின்றவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. அந்தப் பெண் வெள்ளறடைப் பக்கம் வாழ்க்கைப்பட்டதாகக் கேள்வி. தன்னைப் பிடிக்காமல் கதவைப் பூட்டிக்கொண்ட ஒருவன் உண்டு என்றுதான் அவளுக்குத் தெரியும்.