கட்டில் குழாயில் செய்த சைலன்சர்

எண்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் மாரண்டஹள்ளியில் பாலக்கோடு ரோட்டை ஒட்டி ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருந்தோம். கலப்பை, மாட்டு வண்டிச் சக்கரப் பட்டா, பம்புசெட் குழாய், ஜன்னல் கம்பி என்று எது வந்தாலும் செய்வோம். என் கணவர்தான் தொழில் தெரிந்தவர். கல்யாணமான மூன்றாம் வருஷம் கிரைண்டிங் செய்யும்போது இரும்புத் தூள் தெறித்து அவருக்கு வலது கண்ணில் அடிபட்டுவிட்டது. இனிமேல் நெருப்பைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டறையை மூடுவதா என்று யோசித்து, கடைசியில் வெல்டிங் டார்ச்சை நான் கையில் எடுத்தேன். அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டேன். நான்கு வருஷத்தில் அவர் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ஆனால் ஊருக்கு நான் எப்போதும் 'வெல்டிங்காரர் சம்சாரம்'தான். வேலை கொண்டுவருகிறவர்கள் அவரிடம் விவரம் சொல்வார்கள். அவர் திரும்பி என்னிடம் சொல்வார். நான் செய்துமுடித்ததும், "நல்லா போட்டீங்க" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குக் கோபம் வரும். அடக்கிக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பஞ்சப்பள்ளிப் பக்கமிருந்து ஒரு சிவப்பு நிறச் சின்னக் கார் காது கிழிகிற சத்தத்தோடு வந்து பட்டறை முன்னால் நின்றது. அடியில் ஒரு குழாய் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து நாற்பது வயதுக்காரர் ஒருவரும், பேண்ட் சட்டை போட்ட ஒரு பெண்ணும் இறங்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். கணவன் மனைவி, பெங்களூர்க்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் புறப்படும் கார் ராலிப் பந்தயத்துக்காக, பாதையை முன்கூட்டிப் பார்க்க வந்திருந்தார்கள்.

நான் நேராக அந்த ஆணிடம் போய், "பாத்து ஓட்டக் கூடாதுங்களா சார்? அந்த ரோட்ல கல்லு அதிகமுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "என்னைத் திட்டாதீங்க. நான் மேப் பாத்து வழி சொல்றவன். ஓட்டறவங்க இவங்க."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எந்த விஷயத்துக்காக ஊர் மேல் எனக்கு அத்தனை கோபமோ, அதையே நானும் இன்னொரு பெண்ணுக்குச் செய்துவிட்டேன். அந்தப் பெண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்து காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைலன்சரைக் கழற்றிக் கையில் எடுத்தேன். திடுக்கிட்டுப்போனேன். அவ்வளவு பெரிய பொருள், காலிச் சொம்பு அளவுக்குத்தான் கனம் இருந்தது. சாம்பல் நிறம், இரும்பு மாதிரியும் இல்லை, அலுமினியம் மாதிரியும் இல்லை. டைட்டானியம் என்றார் அந்தப் பெண். விமானப் பாகங்கள் செய்யும் ஒரு நண்பர், மிச்சம் மீதித் தகட்டில் அவருக்காகச் செய்துகொடுத்ததாம். கல்லில் மோதியதில் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"இதைச் சாதாரண காஸ்ல வெல்டு பண்ண முடியாதுன்னு அந்த நண்பர் சொல்லியிருக்கார். அதுக்குத் தனி காத்து, தனி மிஷின் எல்லாம் வேணுமாம். நீங்க பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

அந்த இடத்தில் 'தெரியாது' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சற்று முன்னால் பட்ட வெட்கம் உள்ளே இருந்தது. எப்படியாவது என் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. "பித்தளை, செம்பு, வார்ப்பு இரும்பு எல்லாம் ஒட்டியிருக்கறேங்க. இது என்ன பெரிய விஷயம்?" என்றேன்.

"வேணாம் புள்ள, தெரியாத சரக்கு" என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. கிழிசலின் ஓரத்திலிருந்தே மெல்லிசாக ஒரு கீற்று வெட்டியெடுத்து, அதையே கம்பியாக வைத்து உருக்கி ஒட்டினேன். ஒட்டு மயில் கழுத்துப் போல நீலமாக மின்னியது. பிறகு மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்தது. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆறவிட்டு, எப்போதும் செய்வது போலச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டினேன்.

அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒட்டு மட்டுமல்ல, அதைச் சுற்றியிருந்த நல்ல தகடும் சேர்ந்து பிளந்துவிட்டது. ஒரு சாண் கிழிசல் இப்போது ஒன்றுக்கும் உதவாத இரண்டு துண்டு.

சுத்தியலைக் கீழே வைத்தேன். "நீங்க சொன்னீங்க. எங்க வூட்டுக்காரரும் சொன்னாரு. நான்தான் கேக்கல. தப்பு என்னுதுங்க" என்றேன்.

அந்தப் பெண் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அந்தத் துண்டைக் கையில் எடுத்து, உடைந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓடற வண்டியில மாட்டறதுக்கு முன்னாடியே தட்டிப் பார்த்தீங்களே, அதுவே பெரிசு. சரி, இப்ப என்ன பண்ணலாம்?" என்றார். அந்த 'என்ன பண்ணலாம்' என்னைப் பார்த்துக் கேட்டது. என் கணவரைப் பார்த்து அல்ல.

மறுநாள் பிற்பகல் ஓசூரில் எல்லாக் கார்களையும் பரிசோதிப்பார்களாம். சத்தம் அளவுக்கு மீறினால் கலந்துகொள்ளவே விடமாட்டார்களாம். நண்பர் இன்னொரு டைட்டானியம் சைலன்சர் செய்ய இரண்டு வாரமாவது ஆகும். காரோடு வந்த பழைய சைலன்சரையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். இந்தப் பந்தயத்தில் கலந்துகொள்வதற்காக ஒரு வருஷமாகத் தயாராகியிருந்தார் அந்தப் பெண். "பொம்பளை ஓட்டி எங்க முடிக்கப் போறா" என்று பேசிய ஆட்களும் போட்டியில் இருந்தார்களாம். அதை அவர் சொல்லவில்லை. அவர் கணவர்தான் தனியாக என் கணவரிடம் சொன்னார்.

நாலு பேரும் பட்டறையில் கிடந்த குழாய்களையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டோம். என் கணவர் டிராக்டருக்குப் போடும் கனமான குழாயைக் காட்டி, கல்லில் மோதினாலும் அசையாது என்றார். அந்தப் பெண் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அந்தச் சின்ன எஞ்சினுக்கு அது சுமை. அவர் கணவர், பெரிய வாய்க் குழாய் ஒன்றை நேராக மாட்டிவிட்டால் வேகம் வரும் என்றார்.

"வேகம் சமதரையில வரும். மேட்டுல இழுக்காது. குழாய் ரொம்ப அகலமா இருந்தா கம்மி வேகத்துல வண்டி சோர்ந்துடும். ரொம்பச் சின்னதா இருந்தா மூச்சு முட்டும்" என்றார் அந்தப் பெண்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. "அடுப்பு ஊதற குழல் மாதிரிங்களா? வாய் அகலமா இருந்தா எவ்வளவு ஊதினாலும் நெருப்புப் புடிக்காது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதேதான் அக்கா!"

அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு விடுதிக்கு இரும்புக் கட்டில்கள் செய்வதற்காகக் குழாய் வாங்கி வைத்திருந்தேன். மெல்லிசு, கனமில்லை. அளந்து பார்த்தால் அவருக்கு வேண்டிய வாய் அளவுக்கு ஏறக்குறையச் சரியாக இருந்தது. துருப்பிடிக்கும், பல வருஷம் தாங்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "எனக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தாங்கினா போதும்" என்றார்.

வேலையைத் தொடங்கினேன். குழாய்க்குள் காய்ந்த ஆற்று மணலைக் கெட்டித்து, இரண்டு பக்கமும் அடைத்து, பழுக்கக் காய்ச்சி வளைத்தேன். மணல் இருந்தால் வளைவில் குழாய் நசுங்காது. இன்னொரு துண்டில் நிறைய ஓட்டை போட்டு, அதைத் தகட்டு டப்பாவுக்குள் வைத்து, சுற்றிலும் பக்கத்து லேத் பட்டறையிலிருந்து வாங்கிவந்த இரும்புச் சுருளைத் திணித்தேன். அதுதான் சத்தத்தை விழுங்கும். டைட்டானியம் சைலன்சர் ஏன் கிழிந்தது என்று அந்தப் பெண்ணும் நானும் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தோம். அது கீழே தொங்கியதோடு, அசைய இடமில்லாமல் முறுக்கி மாட்டப்பட்டும் இருந்திருக்கிறது. நான் இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, லாரி டயரை அறுத்த ரப்பர் துண்டுகளில் தொங்கவிட்டேன். கல் மோதும் இடத்தில் படகின் மூக்குப் போலச் சாய்வாக ஒரு தகடு. சாயங்காலம் நாலு மணிக்கு வேலை முடிந்தது. ஒவ்வோர் ஒட்டையும் இந்தத் தடவை பலமாகவே தட்டிப் பார்த்தேன். கணீர் கணீரென்று சத்தம் வந்தது.

"ஏறுங்க அக்கா, நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்று அவர் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அதுவரை நான் காரில் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. கரி படிந்த சேலையோடு ஏறினேன். பஞ்சப்பள்ளி ரோட்டில் அவர் ஓட்டின ஓட்டத்தில் பாதி நேரம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் காது மட்டும் வேலையில் இருந்தது. ஒரு மேட்டில் இடப்பக்கம் 'கிர்'ரென்று உரசுவது கேட்டது. நிறுத்தச் சொல்லி, ஒரு ரப்பரைத் தள்ளி மாட்டினேன். மறுபடியும் அதே மேட்டில் ஏறினார். அடிவயிற்றிலிருந்து வருவது போலக் கனமாக, ஒரே சீராகச் சத்தம் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். வேகத்தை இன்னும் கூட்டினார்.

சனிக்கிழமை பரிசோதனையில் என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. எங்கள் பட்டறையில் போன் ஏது? ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், நானும் கணவரும் பஞ்சப்பள்ளி ரோட்டுக்குப் போனோம். ஊரே அங்கே நின்றது. முந்தைய நாள் பெய்த மழையில் ரோடு சேறாகிக் கிடந்தது. கார்கள் ஒவ்வொன்றாகப் பறந்தன. பத்து, பன்னிரண்டு என்று எண்ணினேன். சிவப்புக் கார் வரவில்லை.

"வெல்டிங்காரர் போட்ட பைப்பு புட்டுக்கிச்சு போல" என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

என் கணவர் அவர்கள் பக்கம் திரும்பினார். "அது நான் போட்டதில்லீங்க. அவ போட்டது. புட்டுக்காது" என்றார். அவர் அப்படிப் பொது இடத்தில் பேசி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் அது கேட்டது. புளியமரத்துத் திருப்பத்துக்கு அந்தப்பக்கம், கார் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே, அந்தக் கனமான சீரான சத்தம். "வருதுங்க!" என்று கத்திவிட்டேன். கண்ணாடி தவிர மற்றதெல்லாம் சேறாக, சிவப்புக் கார் எங்களைத் தாண்டிப் போய், அந்த மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறி மறைந்தது. டயர் பஞ்சரானதால்தான் தாமதமாம், பிறகு தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து அவர்கள் இருவரும் வந்தார்கள். புறப்பட்ட கார்களில் பாதிக்கு மேல் வழியிலேயே நின்றுபோனதாம். இவர்கள் தங்கள் பிரிவில் மூன்றாவதாக வந்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். என் சைலன்சர் அப்படியே இருந்தது. படகு மூக்குத் தகடு மட்டும் அடிமேல் அடி வாங்கி நெளிந்திருந்தது. புது டைட்டானியம் சைலன்சரும் தயாராகிவிட்டது, பெட்டியோடு வீட்டில் இருக்கிறது என்றார் அந்தப் பெண்.

"அப்ப அதை மாட்ட வேண்டியதுதானுங்களே? அதுதான் லேசு" என்றேன்.

"லேசுதான். ஆனா காட்டு ரோட்ல அது உடைஞ்சா நான் பெங்களூருக்குத்தான் போகணும். இது உடைஞ்சா எந்த ஊர்லயும் ஒட்டிக்கலாம். அதனால இந்த வருஷம் முழுக்க இதுதான்னு முடிவு பண்ணிட்டேன். நெளிஞ்ச தகட்டை மட்டும் மாத்திக் குடுங்க. அப்புறம் இதே மாதிரி இன்னொண்ணும் வேணும், என் சிநேகிதி வண்டிக்கு."

பட்டறை முன்னால் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். கண்ணீர் வந்ததை யாரும் பார்த்திருக்க முடியாது.

அதன்பிறகு எத்தனையோ வேலை செய்துவிட்டேன். தெரியாத உலோகம் வந்தால் "எனக்கு இது தெரியாதுங்க" என்று கூசாமல் சொல்லிவிடுகிறேன், ஆனால் தெரிந்த வேலையை "நான் செய்தது" என்று சொல்ல யாருக்காகவும் தயங்கியதே இல்லை.