கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் பயணம்

போன டிசம்பரில் கொல்கத்தா போய் வந்தேன். பார்க் ஸ்ட்ரீட் கிறிஸ்துமஸ் விளக்கு பார்க்கவா என்று கேட்டவர்களிடம் எல்லாம் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உண்மையில் போனது என் தங்கை ஜெபாவோடு உட்கார்ந்து ஒரு கிறிஸ்துமஸ் சாப்பாடு சாப்பிட. அம்மாவும் போன பிறகு பாளையங்கோட்டை வீட்டில் நான் மட்டும்தான். ஜெபா கல்யாணமாகி நியூ டவுனில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே ஐ.டி. வேலை. ஆறு வருடமாக அவள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவதில்லை. அவர்கள் சேர்ந்திருக்கும் சபையில் கிறிஸ்துமஸ் கிடையாது. அது பழைய ரோமாபுரியின் சூரியத் திருவிழா, வேதத்தில் இல்லாதது என்பது அங்கே போதனை.

வரட்டுமா என்று போனில் கேட்டேன்.

"வாக்கா, உன்னய வேண்டாம்னா சொல்லுவேன்? ஆனா இங்க மரம் கிடையாது, ஸ்டார் கிடையாது, கேக் கிடையாது. இப்பவே சொல்லிட்டேன். வந்த பெறவு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கக் கூடாது."

"சோறாவது உண்டாட்டி?"

"அதெல்லாம் உண்டு."

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு விமானம் இரண்டே கால் மணி நேரம். பண்டிகை நேரம் என்பதால் ஒரு வழிக்கு மட்டும் 8,400 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். விமான நிலையத்திலிருந்து நியூ டவுன் பத்து கிலோமீட்டர். ஆப் டாக்சிக்கு 380 ரூபாய், இருபத்தைந்து நிமிடம். கொல்கத்தாவில் என்ன பெரிய குளிர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பி, முதல் நாள் சாயங்காலமே ஜெபா வீட்டுக்காரரின் குரங்குக் குல்லாவைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

இருபத்து நான்காம் தேதி காலை நியூ மார்க்கெட் போனோம். காய்கறி வாங்க வேண்டும் என்று சொல்லி ஜெபாவும் வந்தாள். டாக்சி டிரைவர் நடுவயதுக்காரர். பேச்சுவாக்கில் நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஷுபோ போரோதின், தீதி!" என்றார். தீதி என்றால் அக்கா; வங்காளத்தில் கிறிஸ்துமஸுக்கு போரோதின் என்று பெயர், பெரிய நாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஜெபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நியூ மார்க்கெட்டில் பழக் கேக்குக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். அரைக் கிலோ 360 ரூபாய். எனக்கு முன்னால் நின்ற ஐந்தாறு பெண்களும் சங்கு வளையல் போட்ட வங்காள இந்துக்கள். ஜெபா தள்ளி, ஆரஞ்சுக்காரர் பக்கத்தில் நின்றாள். பிறகு மண் கோப்பையில் டீ குடிக்கும்போது எங்களுக்குள் வாக்குவாதம் பிடித்துக்கொண்டது.

நான் சும்மா போகவில்லை, படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். டிசம்பர் பாதியில் ரோமர்கள் ஒரு திருவிழா வைத்து விருந்தும் பரிசுமாகக் கொண்டாடியது உண்மை. இருபத்தைந்தாம் தேதி தோல்வியறியாத சூரியனின் பிறந்தநாள் என்று பழைய குறிப்பும் இருக்கிறது. வடக்கே பனி தேசங்களில் நடுக்குளிர்காலத்துக்கு வேறு விழா உண்டு. பச்சை மரத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் பழக்கம் அங்கிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் மரியாள் கர்ப்பவதியான நாள் மார்ச் இருபத்தைந்து என்று வைத்து, அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணித்தான் இந்தத் தேதி வந்தது என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அடித்துச் சொல்ல ஆள் இல்லை. இதையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"எக்கா, நீ படிச்சுட்டு வந்து பேசுத. நான் கேக்கது ஒண்ணுதான். இந்த நாளக் கொண்டாடணும்னு ஆண்டவரு நினைச்சிருந்தா தேதியச் சொல்லாமலா விட்டிருப்பாரு?"

டீ நன்றாக இருந்தது, பதினைந்து ரூபாய்.

மறுநாள் காலை நகரின் பெரிய தேவாலயமான கதீட்ரலுக்குத் தனியாகத்தான் போனேன். நியூ டவுனிலிருந்து பதினாறு கிலோமீட்டர், 410 ரூபாய். காலை நேரம் என்பதால் நாற்பது நிமிடத்தில் போய்விட்டேன். உயரமான கூரை, வண்ணக் கண்ணாடி, நல்ல பாடகர் குழு, எல்லாம் இருந்தது. முதல் பாட்டு தொடங்கியதும் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஊரில் ஜெபா என் இடது பக்கம் நின்று இரண்டாம் குரல் பாடுவாள். நான் எங்கே சுருதி விட்டாலும் அவள் குரல் இழுத்துக்கொண்டுவந்து சேர்க்கும். அன்று இடது பக்கம் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. இம்மானுவேல், கடவுள் நம்மோடு இருக்கிறார் என்று போதகர் பிரசங்கித்தார். மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்காமல் இறங்கி வந்து கூட இருந்தார் என்பதுதான் இந்தப் பண்டிகை என்றார். நன்றாக அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பெரிய கோயிலில் அது ஒரு வசதி.

வீடு திரும்பினால் வாசலில் செருப்புக் கூட்டம்! அந்தக் கட்டிடத்தில் ஜெபா வீடு ஒன்றுதான் கிறிஸ்தவ வீடாம். அதனால் போரோதின் அன்று எல்லோரும் கேக் எடுத்துக்கொண்டு அவளுக்கு வாழ்த்துச் சொல்ல வந்துவிடுகிறார்கள். எதிர்வீட்டு ஷர்மிஷ்டா பௌதி (அண்ணி என்று அர்த்தம், வயதில் மூத்த பக்கத்து வீட்டுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) ஜெபாவைக் கட்டிப்பிடித்து, "இன்னிக்கு உன் நாள்!" என்று வங்க மொழியில் சொன்னார். ஜெபா "தேங்க்யூ பௌதி, தேங்க்யூ" என்று சிரித்தபடி வாங்கி வாங்கி ஃபிரிட்ஜ் மேல் அடுக்கினாள்.

எல்லோரும் போன பிறகு, "இத்தனையும் என்னட்டி செய்வ?" என்றேன்.

"நாளைக்கு வாட்ச்மேனுக்கும் வேலைக்கு வர்றவங்களுக்கும் குடுத்துருவேன். நாங்க தின்ன மாட்டோம்."

"பெறவு ஏன் வாங்குத?"

"பிரியமா கொண்டு வாறாங்க. வேண்டாம்னா மனசு நோகும்லா."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடமே ஆத்திரம் வந்தது. "ஊரே உனக்காகக் கொண்டாடுது. நீ எனக்காக ஒரு நாள் கொண்டாட மாட்டியா? என் மனசு மட்டும் என்ன கல்லா?" என்று கத்திவிட்டேன். அவள் போய்ச் சோறு போட்டாள். ரசமும் பீன்ஸ் பொரியலும். என் வாழ்நாளில் கிறிஸ்துமஸ் அன்று ரசம் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இருபத்தாறாம் தேதி காலை கண் விழித்தபோது வீடெல்லாம் கறி மசாலா வாசனை. சமையலறையில் தேங்காய்ப்பால் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. பக்கத்தில் ஜெபா முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் பலகாரம் என்றால் அதுதான்.

"என்னட்டி இது?"

"இன்னைக்கு ஒரு விசேஷமும் இல்ல. எங்கக்கா வந்திருக்கா, அவ்வளவுதான்."

அவள் வீட்டுக்காரரோடு மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மூச்சு முட்டச் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவும்போது, கிறிஸ்துமஸ் பாட்டு எதையும் தொடாமல், சாதாரண ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒன்றை மெதுவாகத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் அவள் இரண்டாம் குரலில் சேர்ந்துகொண்டாள்.

நீங்கள் போவதாக இருந்தால்: கேக் வாங்க இருபத்திரண்டாம் தேதிக்குள் நியூ மார்க்கெட் போய்விடுங்கள். பண்டிகைச் சாயங்காலங்களில் பார்க் ஸ்ட்ரீட்டில் வண்டி விட மாட்டார்கள், அதனால் மெட்ரோவில் போய் நடப்பதே நல்லது. கதீட்ரல் ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போனால்தான் இடம். ஸ்வெட்டர் கட்டாயம்.

சூரியன் முந்தியா, தேவகுமாரன் முந்தியா என்ற வழக்கு எங்களுக்குள் தீரவில்லை, இனித் தீரும் என்றும் தோன்றவில்லை. இந்த வருடமும் இருபத்தைந்து காலை கோயிலில் என் இடது பக்கம் காலியாகத்தான் இருக்கும்.

நான் ஊர் திரும்பிய நாளில் விமான நிலையத்தில் ஜெபா என் பையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த வருசமும் வாக்கா. இருபத்தஞ்சுக்கு வேண்டாம், இருபத்தாறுக்கு வா."

"இருபத்தஞ்சு காலைல கோயில முடிச்சிட்டுக் கிளம்புனா, அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கெல்லாம் வந்துருவனேட்டி."

விரலில் மணி எண்ணிப் பார்த்தாள்.

"வா. பன்னெண்டு வரைக்கும் பட்டினியா இரு. பெறவு கறிச்சோறு போடுதேன்."