எட்டுப் பேர் டென்ட்டுக்குள் விரித்த பேனர்

எங்கள் வீட்டில் நான், என் கணவர், பன்னிரண்டு வயது மகள் என்று மூன்றே பேர். அதற்கு எட்டுப் பேர் டென்ட் எதற்கு என்று யார் கேட்டாலும் அவர் ஒரே பதிலைச் சொல்வார். "கம்பெனிக்காரன் எட்டுன்னு போட்டா, அது அவங்க ஊரு ஆளுக்கு. ஒருத்தர் மேல ஒருத்தர் மூச்சு விட்டுக்கிட்டு மத்தி மீன் கணக்காப் படுப்பான். நமக்கு அது நாலுதான்." சரி, அந்த நாலாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அது தேர்தலில் தோற்றுப்போன அவருடைய மானம். கால் நீட்டிப் படுக்க அதற்கும் இடம் வேண்டும்.

தெலுங்கு பேசும் ஊரான கொண்டாப்பூரில் எங்கள் அபார்ட்மெண்ட் உரிமையாளர் சங்கத்துக்கு அவர் தலைவராக நின்றார். வாசல் கேட்டுக்கு மேலே இருபது அடிக்குப் பன்னிரண்டு அடியில் ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு, கை கூப்பிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்பில் இறங்குகிறவர் மாதிரி சிரித்தார். பக்கத்தில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் "இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர், என் பொறுப்பு" என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டுவதை இரண்டு வருஷமாகச் சரிசெய்யாத மனிதர் அவர்.

ஏழு ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் சி பிளாக் மேடம். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற தெலுங்கு அம்மாள். தண்ணீர் லாரிக்காரர்களைப் பெயர் சொல்லி அதட்டக்கூடியவர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் சங்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. வீடு என் பெயரில் இருக்கிறது. பெண் பெயரில் வாங்கினால் வட்டி குறையும் என்று அவரே செய்த ஏற்பாடு. ஆக, உரிமையாளரின் கணவர் என்று அவர் தேர்தலில் நிற்கலாம், ஆனால் அவருக்கென்று ஓட்டு கிடையாது, எங்கள் வீட்டு ஓட்டு என் கையில் இருந்தது. அதை நான் மேடத்துக்குப் போட்டேன். மார்ச் மாதம், தலைக்கு ஊற்ற ஒரு பக்கெட் தண்ணீர் கிடைக்காத காலை அது. சீட்டில் ஓட்டுப் போடுகிறவர் பெயரோ வீட்டு எண்ணோ இல்லை. டிக் போட்டு, மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, அவருக்கு நல்லபடியாக டீ போட்டுக் கொடுத்தேன். தோற்ற செய்தி வந்தபோது, "இந்த ஊரு ஜனத்துக்கு நல்லது கெட்டது தெரியல" என்று நானே அவரைத் தேற்றவும் செய்தேன். அன்றிலிருந்து எனக்கு இருந்த ஒரே பயம், இது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான்.

ஜூலையில் மேடம் குடும்பங்களையெல்லாம் சேர்த்து விகாராபாத் பக்கம் ஓர் ஏரிக்கரையில் முகாம் என்று அறிவித்தார். டென்ட் அவரவர் கொண்டுவர வேண்டும். கணவர் மூன்று நாள் செல்போனில் டென்ட் பார்த்தார். நாலாம் நாள், "அந்த ஏரிக்கரையில இருக்கதுலயே பெரிய டென்ட் நம்மளுதா இருக்கும்" என்றார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் சோறு, படிப்பு, தூக்கம் எல்லாவற்றுக்கும் நடுவே டென்ட் வந்து உட்கார்ந்துகொண்டது. அலுவலகத்தில் மென்பொருளுக்குப் போடுகிற மாதிரி ஓர் அட்டவணை போட்டார். உயரம், அறைகள், ஜன்னல், கம்பி அலுமினியமா ஃபைபரா. வருஷம் முழுக்க மழை பெய்கிற தேசத்துக்காரர்கள் எழுதிய விமர்சனங்களைப் படித்துவிட்டு, பருப்பு தாளிக்கிற என்னிடம் வந்து, "தரைவிரிப்பு தச்சு வந்தா நல்லதா, தனியா வந்தா நல்லதா?" என்பார். இது சாதாரணக் கேள்வி இல்லை என்று பிறகுதான் புரிந்தது. தரையும் சுவரும் சேர்த்துத் தைத்திருந்தால் பூச்சி வராது, தண்ணீர் வராது. ஆனால் உள்ளே சாம்பார் கொட்டினால் டென்ட்டையே துவைக்க வேண்டும். தனியாக இருந்தால் உருவி உதறலாம். ஆனால் சுவருக்கு அடியில் இடைவெளி இருக்கும்.

"தச்சதே வாங்குங்க. மழைக்காலம்" என்றேன்.

"தச்சதுல ஆறு பேருக்கு மேல இல்ல" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

கடையில் விற்பனைப் பையன் இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள டென்ட்டை விரித்துக் காட்டினான். இவர் உள்ளே போய் நிமிர்ந்து நின்று, கையைத் தூக்கிப் பார்த்து, அரண்மனைக்குள் நுழைந்தவர் போல வெளியே வந்தார். மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "வத்து நானா, இட்ஸ் எம்பாரஸிங்" என்றாள். தெலுங்கில் வத்து என்றால் வேண்டாம், நானா என்றால் அப்பா. அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தமிழில் வராது. நான் வாங்கவேண்டிய சாமான் பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன்.

டென்ட் வாங்கியாயிற்று. அந்த அளவுக்குத் தரைவிரிப்பு மட்டும் கையிருப்பில் இல்லை, மூன்று வாரம் ஆகும் என்றார்கள். முகாம் சனிக்கிழமை. எனக்குப் பரணில் சுருட்டி வைத்திருந்த பேனர் ஞாபகம் வந்தது. தண்ணீர் ஊறாது, கிழியாது, ஏற்கெனவே காசு கொடுத்தது. அவர் முகம் சுருங்கியது. வேறு வழி இல்லாததால் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். "படம் கீழ. வெள்ளை மேல. யாரும் பாக்கக் கூடாது."

ஏரிக்கரையில் நாலு விரற்கடைக்கு மண், அதற்குக் கீழே முழுக்கப் பாறை. யாருடைய முளையும் இறங்கவில்லை. மற்றவர்கள் சின்னச் சின்ன டென்ட்டுகளைத் தூக்கி வைத்து, உள்ளே பைகளைப் போட்டு முடித்துவிட்டார்கள். எங்களுடையது அப்படி நிற்குமா? இவர் ஒரு பக்கக் கயிற்றைக் காரில் கட்டினார், மறுபக்கத்தை வேப்ப மரத்தில் கட்டினார், மீதியைப் பாறைகளில் கட்டினார். இரண்டு மணி நேரம். சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்துவிட்டது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்து மக்காச்சோளம் தின்றபடி, "ஃபங்ஷன் ஹாலா அண்டீ?", கல்யாண மண்டபமா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஐந்து மணிக்குக் காற்றோடு மழை பிடித்தது. சின்ன டென்ட்டுகள் ஒவ்வொன்றாகக் குப்புற விழுந்தன. ஒன்று உருண்டு போய் ஏரியில் மிதந்தது. காரோடு கட்டிய எங்களுடையது மட்டும் நின்றது. ஐந்தே நிமிஷத்தில் மேடம் உட்படப் பதினான்கு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். என் கணவர் வாசலில் நின்று, "வாங்க, வாங்க, இடம் இருக்கு" என்றார். பேனரில் இருந்ததே, அதே சிரிப்பு.

அதற்குள் தண்ணீர் உள்ளே ஓடி வந்தது. பேனர் டென்ட்டைவிடப் பெரியது. சுவருக்கு அடியில் ஒரு பக்கம் ஆறடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி மழையையெல்லாம் பிடித்து, தாம்பாளத்தில் ஏந்தியது போல எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. வெளியே இருப்பதை உள்ளே இழுக்க வேண்டும், ஓரத்தில் வரப்புக் கட்ட வேண்டும். நான் போர்வை மூட்டைகளைச் சுவரோரம் வரிசையாக வைத்தேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பேனரை அதன் மேல் போட்டு உள்பக்கமாக மடித்தோம். தண்ணீர் நின்றது.

மடித்த பிறகுதான் பார்த்தேன். வெளியே நீட்டியிருந்த பகுதியில்தான் படம் இருந்தது, மடித்ததும் அது மேலே வந்துவிட்டது. கோட்டு, கூப்பிய கை, ஆள் உயரச் சிரிப்பு, பக்கத்தில் தண்ணீர் என் பொறுப்பு. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோலக் காலை மடக்கிக்கொண்டார்கள். முகத்தில் கால் படலாமா? எட்டுப் பேர் டென்ட்டில் பதினேழு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, என் கணவரின் முகத்துக்கு மட்டும் தாராளமாக ஐந்தடி இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். வாய்விட்டுச் சிரிக்கக்கூட முடியாமல் எனக்கு வயிறு வலித்தது.

மேடம்தான் முதலில் பேசினார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார் பாருங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுக் கையைத் தட்டினார். அது கேலியா, பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாரும் தட்டினார்கள். மகள், "தட்ஸ் மை அப்பா" என்றாள். அவள் வாயில் அப்பா என்ற வார்த்தை வந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஓட்டை மேடத்துக்குப் போட்டுவிட்டு, இவ்வளவு கைதட்டலில் என்னுடையதையும் சேர்த்துத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதுதான் உறுத்தியது.

மழை விட்டதும் எல்லாரும் தங்கள் டென்ட்டைத் தேடிப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் பேனரை வெளியே இழுத்து, ஆளுக்கொரு நுனியைப் பிடித்து உதறினோம். சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ஒண்ணு சொல்லணும்ங்க. அந்த ஓட்டு..."

"தெரியும்" என்றார்.

நான் கையிலிருந்த நுனியை விட்டுவிட்டேன்.

"சீட்டை எண்ணும்போது நானும்தான உக்காந்திருந்தேன். டிக் போட்டு, வாலுல ஒரு புள்ளியும் வைக்க ஆளு இந்த ஊருல வேற யாரு இருக்கா? பதினாலு வருசமா மளிகை லிஸ்ட்டுல பாக்கேன்."

நாலு மாதம். அந்தப் புள்ளியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நான் தேற்றியபோதெல்லாம் தலையாட்டியிருக்கிறார். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் மேல் கோபமும் வந்தது, இப்படி ஒரு மனுஷர் இருப்பாரா என்று.

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ உண்மையச் சொல்லிருவ" என்றார். கீழே கிடந்த என் நுனியை எடுத்து என் கையில் கொடுத்தார். "மடி. படம் உள்ள போகட்டும்."