பழுப்புச் சீஸில் ஒரு போர்முனை

நான் ஒரு காலத்தில் இராணுவ ஆய்வாளனாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. துவக்கைத் தொட்டதில்லை. ஒஸ்லோப் புறநகரான அம்மருட்டில், ஒன்பதாம் மாடி வீட்டு வரவேற்பறையில், மிக்சர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, எங்கள் நாட்டுச் சண்டை எப்படி முடியும் என்று வருடக்கணக்காக விளக்கினேன். அது நான் சொன்னபடி முடியவில்லை.

பழக்கம் மட்டும் விடவில்லை. டமாஸ்கஸ் நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் சிரிய அரசுப் படை இறங்கிய பனிக்காலம். நான் சமைக்கும் முதியோர் இல்லத்தில் பாத்திரம் கழுவ ஒரு சிரியாக்காரன் சேர்ந்திருந்தான். அவனுடைய அக்கா இரண்டு பிள்ளைகளோடு அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தாள். வெளியேறுவதா, இருப்பதா என்று அவனைக் கேட்டிருந்தாள்.

அவன் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் நான் சமையலறை மேசையில், நொர்வேக்காரர் பாணுக்கு வைக்கும் பழுப்புச் சீஸ் கட்டியை மலையாக நிறுத்தினேன். கோப்பிக் கோப்பை, நகரத்துக்குத் தண்ணீர் போகும் நீரூற்று. அன்று வந்த நொர்வீஜிய மொழி எனக்குக் குடியுரிமைப் பரீட்சையில்கூட வந்ததில்லை.

“ஊத்துக்குப் பக்கத்திலை ஆரும் குண்டு போடமாட்டான். போட்டால் நகரத்துக்குத் தண்ணி இல்லை. அக்கா பயப்பிடாமல் இருக்கலாம்.”

அவன் சீஸைப் படமெடுத்து, நான் சொன்னதையும் சேர்த்து அக்காவுக்கு அனுப்பினான். பெருமையோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

“பிள்ளையளோடை இருக்கிற மனுசிக்கு, சீஸை வைச்சு இரு எண்டு சொன்னனீங்களோ?”

“அது ஒரு ஆய்வு...”

“உங்கடை ஆய்விலை ஒண்டாவது சரி வந்ததே? முதல்லை அந்தாளுக்குப் போன் எடுங்கோ.”

எடுத்தேன். பதில் இல்லை. செய்தியில் ஊற்றைச் சுற்றிக் குண்டு விழுந்துகொண்டிருந்தது. நகரத்துக் குழாய்கள் வறண்டிருந்தன. என் தத்துவம் இரு தரப்புக்கும் எட்டவில்லை போலும்.

மறுநாள் முதல் மெட்ரோவில் போய், பாத்திரம் கழுவும் இயந்திரத்தடியில் காத்து நின்றேன். அவன் வந்ததும், “நேற்றுச் சொன்னது முழுக்கப் பிழை. அக்காவை வெளிக்கிடச் சொல்லு” என்றேன்.

நொர்வீஜிய மொழியில் எல்லோரும் ‘நீ’தான். அவன் சொன்னதைத் தமிழில் எழுதும்போது எனக்கு நானே கொஞ்சம் மரியாதை கொடுத்துக்கொள்கிறேன்.

“அவள் நேற்றே வெளிக்கிட்டிட்டாள், அண்ணை. டமாஸ்கஸிலை சித்தப்பா வீட்டிலை நிக்கிறாள். அங்கை தண்ணி இல்லையாம். ஆனா ஆக்கள் சுகம்.”

உயிர் வந்தது. கூடவே, சொல்லக் கூடாது, ஒரு சின்ன மனவருத்தமும்.

“நான் சொன்னது அவவுக்குக் கிடைக்கேல்லையோ?”

“கிடைச்சது. சொன்ன ஆள் எந்த நாடு எண்டு கேட்டாள். இலங்கை, அங்கையும் சண்டை நடந்தது எண்டன். இப்ப எங்கை இருக்கிறார் எண்டாள். ஒஸ்லோவிலை எண்டன். உடனை பிள்ளையளின்ரை காலிலை சப்பாத்தைப் போட்டிட்டாள்.”