போணிக்கு முன்னால்

காலையில் மீன் பலகையைக் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் என் கண் இன்றும் இடப்பக்கம்தான் போகிறது. அங்கே இப்போது கருவாடு விற்கிற அம்மா இருக்கிறார். நல்ல மனுஷி, வாயே திறக்கமாட்டார். எனக்கோ ஒரு சத்தம் வேண்டும். எண்ணூர் மார்க்கெட் கோடிவரை கேட்குமே, என் சிநேகிதியின் அந்தச் சத்தம்.

அவளும் நானும் பக்கத்துப் பக்கத்துப் பலகை. ஒரு டீயை வாங்கி ரெண்டாக்கிக் குடிப்போம். அவள் புருஷன் ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவன். கொஞ்சம் அவள் விற்பாள், மிச்சத்தை எங்கள் வரிசை வாங்கி விற்கும். அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றில் படியப் படிய, இறால் உரிக்கும்போது தலைக்குள் கறுப்பாகக் கசடு வர ஆரம்பித்தது. அவன் காலெல்லாம் புண். வரிசையில் எல்லோருக்கும் தெரியும். இன்னொரு தடவை அலசிவிட்டு, "சூப்பரா கீது, எடுத்துக்கோ" என்று தள்ளிவிடுவோம்.

அவளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"நாமளே நல்லா கீதுன்னு வித்துகினு இருந்தா, சாம்பல் கொட்றவன் எதுக்கு நிறுத்தப் போறான்? வாங்கறவங்க கேள்வி கேக்கணும்டி."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் சொன்னால் எங்கள் அடுப்பு எரியாது, அவள் அடுப்பு முதலில் எரியாது.

"வியாபாரம் முடியட்டும். டீ குடிக்கறப்ப ஒவ்வொருத்தர்கிட்டயா பக்குவமா சொல்லலாம்" என்றேன்.

"நீ பக்குவமா சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆறே இருக்காது, போடி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் வருவதற்கு முன்பே, முதல் ஆளாக ஒரு அம்மா பையோடு வந்தார். இவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இத்த வாங்காதக்கா. ஆத்து எறா. உள்ளாற சாம்பல் கீது. என்னுதுல மட்டுமில்ல, இந்த வரிசை பூரா."

அந்த அம்மா பையை மடித்துக்கொண்டு போய்விட்டார். வரிசையில் ஒருத்திக்கும் அப்போது போணி ஆகியிருக்கவில்லை.

முதல் விற்பனை ஆகும்வரை "இல்லை", "வேண்டாம்" என்ற வார்த்தையே எங்கள் வாயில் வரக்கூடாது. அடிமாட்டு விலைக்குக் கேட்பவருக்குக்கூடச் சிரித்துக்கொண்டே கொடுத்தனுப்புவோம். சாம்பல் என்று சொன்னதையாவது மன்னித்திருப்பார்கள். போணிக்கு முன்னால் சொன்னதை மன்னிக்கவில்லை.

"எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டியேடி பாவி" என்று வரிசையில் மூத்தவள் கத்தினாள். அத்தோடு சரி, பிறகு யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை, அவள் பதிலுக்குக் கொடுத்திருப்பாள். பேச்சையே நிறுத்திவிட்டார்கள். ஐஸில் பங்கு தரவில்லை. தலைக்கூடையை இறக்க என்னைத் தவிர யாரும் கை கொடுக்கவில்லை. மழைக்காலம் வருவதற்குள் புருஷனோடு திருவொற்றியூர் போய், ஏதோ ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்துவிட்டாள்.

நான் பக்குவமாகத்தான் சொல்லிப் பார்த்தேன், இன்னும் சொல்கிறேன். "ஆமாண்டி, பாவம்டி" என்று டீயை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டுவார்கள். மறுநாள் அதே இறால், அதே அலசல். எரிச்சலாக வரும். அவள் இருந்தால் என்னமாய்க் கத்தியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்தால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

போன மாதம் வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். வரிசையில் எல்லோரையும் பார்த்து வணக்கம் வைத்தாள், மூத்தவளிடம் முட்டிவலி எப்படி என்று விசாரித்தாள். குரல் அப்படித் தணிந்திருந்தது. என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எறா ஒரு அரைக்கிலோ போடு."

தலையைக் கிள்ளிப் பார்க்கவில்லை, எங்கே பிடித்தது என்று கேட்கவில்லை. எனக்குத் தராசைத் தூக்க வரவில்லை.

"ஆத்து எறாடி" என்றேன்.

"தெரியும். போடு. உனக்கு இன்னும் போணி ஆவலியே."

அத்தனை வருஷம் அவளைப் பக்குவமாகப் பேசு, பக்குவமாகப் பேசு என்று நச்சரித்தவள் நான்தான். இப்போது அவள் அப்படியே பேசினாள். நான் தராசை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"போணி கெடக்கட்டும். நீ எழுந்து நின்னு ஒரு தடவ கத்துடி."

அவள் சிரித்துக்கொண்டே பையை விரித்துப் பிடித்தாள்.