ஒரு கதவு போதும் என்று பூம்பாறைக்குப் போனோம்

பொங்கல் விடுமுறையில் எங்கள் டியர்டிராப் டிரெய்லரின் முதல் பயணம் நடந்தேவிட்டது! காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் துளி வடிவப் பெட்டி அது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வாசலில் நான்கு மாதம் பாடுபட்டு நானே கட்டினேன்.

கட்டும்போது மனைவி மீனாவுக்கும் எனக்கும் ஒரே சண்டை, கதவைப் பற்றி. அவளுக்கு இரண்டு பக்கமும் கதவு வேண்டும். எனக்கு ஒன்றே போதும். எத்தனை ஓட்டை போடுகிறோமோ அத்தனை இடத்தில் மழை ஒழுகும் என்பது என் கட்சி. கடைசியில் அவள், "சரி, ஒங்க இஷ்டம். ஒரு தடவ வாரேன். சரிப்படலன்னா அடுத்த தடவ என்னயக் கூப்பிடக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அவள் வராமல் எனக்கு எதற்கு இந்த வண்டி? உள்ளூரப் பயம்தான்.

காலை 5.40க்குக் கிளம்பி, வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டு, மலை ஏறினோம். வண்டி அவ்வளவு அழகாகப் பின்னால் வந்தது! கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியர், மணிக்கு இருபது கிலோமீட்டர். கீல்களைக் கதவின் முன்ஓரத்தில் வைத்திருந்தேன். தாழ்ப்பாள் விட்டுப்போனாலும் எதிர்க்காற்றே கதவை அழுத்தி மூடிவிடும். இதைச் செய்யாதவர்கள் மலைக்கு வராதீர்கள்.

பெருமாள்மலை தாண்டி ஓரங்கட்டினேன். ஸ்வெட்டர் எடுக்க மீனா டிரெய்லர் கதவைத் திறந்ததுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டபடி உரசினாற்போல நின்றது. அவள் சட்டென்று உள்ளே தாவிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஏம்மா, ரோட்டப் பாத்தா கதவு வைப்பாக?" என்று டிரைவர் கத்தினார்.

அப்போதுதான் உறைத்தது. நான் பார்த்துக் கட்டியது அமெரிக்க வீடியோ. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், அதனால் ஓரம் பார்த்த வலப்பக்கத்தில் கதவு. அளவு பிசகாமல் அப்படியே காப்பியடித்திருக்கிறேன். நான்கு மாதம் இந்த மண்டையில் அது ஏறவே இல்லை! மீனா இறங்கி வந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை சுமார் இருபது கிலோமீட்டர். அங்கே பூண்டு விவசாயி ராசு தன் தோட்டத்து ஓரம் நிறுத்தச் சொன்னார். எவ்வளவு காசு என்று நான் கேட்டதற்கு முறைத்தார். அடுக்கடுக்கான பூண்டு வயல்களில் வெயில் இறங்குவதைப் பார்த்தபடி இருவரும் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலை 6.10க்குக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. இரவு முழுக்க மஞ்சுப் பனியைக் குடித்து, பெயிண்ட் படாத பிளைவுட் ஓரம் ஊறி உப்பிவிட்டது. நான் விட்ட இடைவெளி மூன்று மில்லிமீட்டர்தான். கூரையிலிருந்த சின்ன ஜன்னல் வழியே ராசுவைக் கூப்பிட்டேன். வந்து இழுத்துப் பார்த்தார்.

"அண்ணே, ரொம்ப இழுத்தா கீல் பேந்துரும். அந்தப் பக்கத்துக் கதவத் தொறங்க."

"அந்தப் பக்கம் கதவு இல்லங்க."

"இல்லியா?" என்றவர், "செத்த இருங்க, களைக்கொத்து எடுத்துட்டு வெரசா வாரேன்" என்று ஓடினார்.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. இந்த ஒரு பயணத்தோடு சரி என்றே நினைத்தேன். பின்னால் ஏதோ கிறுக்கும் சத்தம். தலைமாட்டில் கிடந்த தச்சுப் பென்சிலால் மீனா இடப்பக்கச் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"எனக்குக் கதவு. இவ்வளவு நல்லாத் தூங்கி எத்தன வருசமாச்சு! அடுத்த தடவ ஒங்கள ஏறி மிதிக்காம எறங்கணும்ல?"

ராசு நெம்பியதும் கதவு படாரென்று திறந்து நான் வெளியே விழுந்தேன். சிரித்துக்கொண்டேதான் விழுந்தேன்.

கட்டப்போகிறவர்களுக்கு: நம் ஊரில் முதல் கதவு இடப்பக்கம்தான். சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கார் கதவு ரப்பர் ஒட்டுங்கள். மூலைகளை வளைத்து வெட்டினால் ரப்பர் மடங்காது. பிளைவுட் ஓரங்களுக்கு மூன்று கோட் பெயிண்ட். கொடைக்கானலுக்கு இ-பாஸ் மறக்க வேண்டாம்.

சுவரில் வெட்டியெடுக்கும் பலகையே கதவாகிவிடுவது இந்த வண்டியில் எனக்குப் பிடித்த விஷயம். ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையே மீனா போட்ட கோட்டின் மேல் வெட்டினேன். கதவின் உட்பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட் இல்லை, நிறமில்லாத வார்னிஷ்தான். அங்கே அவள் கையெழுத்தில், பென்சிலில் 'மீனா பக்கம்' என்று எழுதியிருக்கிறது.