ஜாவாவில் பிறந்து சி-க்கு வாக்கப்பட்டவள்

புரோகிராம் எழுதுவது குந்தின இடத்தில் சம்பாதிக்கிற வேலை என்று ஊரே சொல்கிறது. குந்தின இடத்திலேயே வியர்க்கும் என்பது நம்மைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

சென்னையில் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் சொந்த ஊரான சிதம்பரத்துக்கே வந்துவிட்டோம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. இறால் குட்டையில் தண்ணீரைக் கலக்கிவிடும் மோட்டாரைத் தானாக ஓட்டுகிற பெட்டி செய்கிறார்கள். அதற்கு சி மொழிதான் வேண்டும். பயிற்சிக் காலத்துக்குள் ஒரு பெட்டியை உருப்படியாக ஓட்டிக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி சென்னை. பிள்ளையை வாரக் கடைசியில்தான் பார்க்கலாம்.

கொதிக்கிற குட்டை

எண்ணைப் போட்டு வைக்கிற வேரியபிள் என்ற இடத்துக்கு மதிப்புக் கொடுக்க மறந்தால் ஜாவா அங்கேயே கையைப் பிடித்துவிடும். சி-யும் பிடிக்கும் என்று நம்பி, தண்ணீரின் சூட்டை வைக்கிற இடத்தைச் சும்மா விட்டுவிட்டேன். அங்கே ஏற்கெனவே கிடந்த ஏதோ ஒரு குப்பையை எடுத்து, ஆயிரக்கணக்கான டிகிரி என்று காட்டியது பெட்டி. பக்கத்து நாற்காலி கலா அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இறால வளக்கச் சொன்னா வறுத்தே எடுத்துட்டியே!"

வாயே திறக்கவில்லை

பெட்டி தகவல் அனுப்ப வேண்டிய குட்டைக்காரரின் பத்து இலக்க போன் நம்பருக்குப் பத்து இடம் ஒதுக்கினேன். கடைசியில் 'முடிந்தது' என்று சொல்ல ஒரு பூஜ்யம் வரும், அதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஜாவாவாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருக்கும். சி அந்தப் பூஜ்யத்தைச் சத்தமில்லாமல் பக்கத்து இடத்தில் குந்த வைத்துவிட்டது. அங்கே இருந்தது மோட்டார் ஓட வேண்டிய நேரம். நேரம் பூஜ்யமானால் மோட்டார் எங்கே ஓடும்? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று புலம்பினேன்.

"அது ஏன் சொல்லணும்? உன்ன பெரிய மனுசின்னு நம்புதில்ல!" என்றார் கலா அக்கா.

மத்தியானச் சாப்பாடு

ஒரு வழியாகப் பெட்டியைச் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கம் ராமலிங்கம் என்பவருடைய குட்டையில் மாட்டினோம். காலையில் ஓடியது, மத்தியானம் நின்றது. ஆஃப் செய்து போட்டால் ஓடும். மறுநாளும் அதே கதை. மோட்டார் நின்றால் இறால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அவர் பக்கத்திலேயே இருந்து கையால் போட்டதால் பிழைத்தது. இன்னொரு தடவை நின்றால் பெட்டியைக் கழற்றிவிடலாம் என்றார் எங்கள் கம்பெனி முதலாளி. கூடவே நானும் கழன்றுகொள்ள வேண்டியதுதான். ராமலிங்கம் மட்டும் கோபப்படவில்லை.

"நாங்க சோத்துக்குப் போற நேரம் பாத்து உன் மிஷினும் போயிடுதும்மா."

ஒரு வாய்த் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை. என் மகளுக்கு ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் ஒரு புது டம்ளர் வேண்டும். குடிப்பாள், அங்கேயே வைப்பாள், அடுத்த தடவை வேறொன்றை எடுப்பாள். ஜன்னலில் ஒன்று, கட்டிலடியில் ஒன்று. மத்தியானம் அலமாரியில் கை விட்ட என் வீட்டுக்காரர் கத்தினார்.

"ஒரு டம்ளர் இல்ல! தண்ணிய கையில ஊத்து, குடிச்சிட்டுப் போறேன்!"

கிள்ளையிலிருந்து போன்

மகள் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன். ஒவ்வொரு முறை சூடு பார்க்கவும் நினைவகத்தில் புதிதாக ஓர் இடம் எடுத்தேன், திருப்பிக் கொடுக்கவில்லை. ஜாவாவில் அதுவே பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்ளும். சி-யில் யார் வருவார்? மத்தியானத்துக்குள் எல்லாம் தீர்ந்துபோய்ப் பெட்டி நின்றது. திருப்பிக் கொடுக்க ஒரு வரி சேர்த்து, மறுபடி மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் முதலாளியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ராமலிங்கத்தின் போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வலை போடணும், இது நிக்கவே மாட்டேங்குது, எந்தச் சுவிட்சுல நிறுத்தறதுன்னு சொல்லித் தொலம்மா!"

முதலாளி சிரித்தார், வேலை நிரந்தரமானது. எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும் என்று எனக்கு சி சொல்லிக் கொடுத்துவிட்டது, என் மகளுக்கு எந்த மொழியில் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.